முனைவர்களுக்கு நடுவே என்ன பேசுவது?

கேள்வி: எனக்கு 16 வயது. ரோபோ, ஏஐ, வேலைவாய்ப்பு பற்றி நிபுணர்கள் பேசும் கலந்துரையாடலுக்கு மாணவர்கள் சார்பில் என்னை அழைத்திருக்கிறார்கள். மற்ற எல்லாரும் முனைவர்கள். புள்ளிவிவரங்களை மனப்பாடம் செய்துகொண்டு போகட்டுமா?
– ஒரு மாணவி

பதில்: வேண்டாம்மா. அதை அவர்கள் உன்னைவிட நன்றாகச் செய்வார்கள். ஒரே ஒரு எண்ணை மட்டும் தெரிந்துகொண்டு போ: 47 சதவீதம். யாராவது அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். 2013-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களான ஃப்ரே, ஆஸ்போர்ன் இருவரும் 702 தொழில்களை அலசி, அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் இயந்திரத்திடம் போகும் அபாயத்தில் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். 2016-ல் பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஇசிடிக்காக இன்னொரு குழு போட்ட கணக்கில், அதே அமெரிக்காவுக்கு வந்தது 9 சதவீதம்தான்.

47 எங்கே, 9 எங்கே! யாரும் பொய் சொல்லவில்லை. முதல் ஆய்வு ஒரு தொழிலை முழுசாக எடுத்து எடை போட்டது. இரண்டாவது, அந்தத் தொழிலில் இருப்பவர்கள் செய்யும் பணிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தது. அதனால் "இந்த வேலை காணாமல் போகும்" என்று யார் சொன்னாலும், "முழு வேலையுமா, அதில் சில பணிகளா?" என்று கேள்.

பெரிய பெயர் என்று தயங்காதே. 2024-ல் இயற்பியல் நோபல் பெற்ற ஏஐ முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன், இனி ஏஐயே பார்த்துவிடும், ஸ்கேன் படம் பார்த்துச் சொல்லும் டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையே நிறுத்திவிடலாம் என்று 2016-ல் சொன்னார். இன்றும் பல நாடுகளில் அந்த டாக்டர்களுக்குப் பற்றாக்குறை. படம் பார்ப்பது அவர்களுடைய பணிகளில் ஒன்று, அவ்வளவுதான்.

நான் தொழிற்சாலையில் ரோபோ கைகளைப் பராமரித்தவன். வெல்டிங் ரோபோ வந்ததும் வெல்டர்கள் குறைந்தார்கள்; அதை மறைக்க முடியாது. ஆனாலும் இரும்புத் தகட்டைப் பிடிப்பானில் சரியாக உட்கார வைக்க ஆள் தேவைப்பட்டது. தெறித்த உலோகத் துளி ஒட்டி அடைத்துக்கொண்ட முனையைச் சுத்தம் செய்ய ஆள். சென்சாரில் தூசி படிந்து ரோபோ நின்றால் ஓடி வரவும் ஆள். சரி, அந்த ஆளுக்கு வெல்டரின் சம்பளம் கிடைத்ததா? இல்லை. எத்தனை வேலை போகும் என்றே எல்லாரும் பேசுவார்கள். மிச்சமிருக்கும் வேலைக்கு என்ன சம்பளம் என்று நீ கேட்டுப் பார், கூட்டம் கொஞ்சம் நெளியும்.

அப்புறம், அவர்களுக்குத் தெரியாத ஒன்று உன்னிடம் இருக்கிறது. உன் வகுப்பில் ஏஐயை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறீர்கள் என்பதை அழகுபடுத்தாமல் சொல், காப்பியடிப்பதையும் சேர்த்துத்தான். புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் செய்து பழகும் சின்னச் சின்னப் பணிகளை ஏஐ செய்துவிட்டால், நாங்கள் எதில் கை பழகுவது என்றும் கேள். இதற்கு அவர்களிடம் தயாரான பதில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: நடுவில் ஒரு நிபுணர் "அது அவ்வளவு எளிதல்ல" என்று என்னை வெட்டிவிட்டால்?
– அதே மாணவி

பதில்: "எந்த இடத்தில் எளிதல்ல, சார்?" என்று கேட்டுவிட்டுக் காத்திரு. அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை மைக்கைக் கையிலேயே வைத்துக்கொள். கொடுத்தால் திரும்ப வராது.