இலங்கை மலையகத்துக்கு வந்த கிறிஸ்தவ மிஷனரிகள் தோட்டங்களில் எப்படி வாழ்ந்தார்கள்?

வசதியான பங்களா வாழ்க்கை என்று நினைத்துத்தான் பலரும் இதைக் கேட்கிறார்கள். பாதிதான் சரி.

தோட்டத் தமிழர்களுக்கென்றே 1854இல் கண்டியை மையமாக வைத்து 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கியது. பெயரே அந்தக் காலத்துப் பார்வையைச் சொல்லிவிடும். ஆங்கிலிக்கத் திருச்சபையின் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) சங்கம் நடத்தியது, செலவில் பெரும்பங்கு கோப்பித் தோட்டத் துரைமாரின், அதாவது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரர்களின், சந்தா. இங்கேதான் சிக்கல். துரையின் அனுமதி இல்லாமல் ஐயர் (பாதிரியாரை அப்படித்தான் அழைப்பார்கள்) தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கம் கால் வைக்க முடியாது. காசு கொடுக்கிறவரைக் கண்டித்துப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு ஐயரின் பொறுப்பில் பல மலைகள் தாண்டிய தோட்டங்கள் இருந்தன. குதிரையிலும் கால்நடையாகவும் சுற்றுவார். விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், ஆள் கூடும்போது, வேலைக்குப் பிரியுமுன் சில நிமிடம் பிரசங்கம். அட்டைக்கடி தனி.

ஆனால் உண்மையான உழைப்பு திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்களுடையது (ஐயருக்குக் கீழே வேதம் போதித்த தமிழ் ஊழியர்கள்) என்பேன். அவர்களும் கடல் கடந்து வந்தவர்கள்தானே? சனங்களின் பேச்சும் சாதி நெளிவுசுளிவும் அவர்களுக்குத்தான் புரிந்தது. அவர்களை யாரும் மிஷனரி என்று எழுதுவதில்லை.

சிலர் திரும்பவே இல்லை. 1835இல் இலங்கை வந்த வில்லியம் ஓக்லி, கண்டியில் நெடுங்காலம் ஊழியம் செய்தவர், ஒருமுறைகூட இங்கிலாந்துக்குப் போகாமல் 1886இல் நுவரெலியாவில் இறந்தார்.