தேனில் நிவாரணம் இருப்பதாகக் குர்ஆன் சொல்கிறது, அறிவியல் அதை ஏற்கிறதா?

ஏற்கிறது, ஆனால் எல்லா நோய்க்கும் அல்ல. எல்லா நோய்க்கும் தேன் மட்டும் போதும் என்று குர்ஆனும் சொல்லவில்லை.

அந்நஹ்ல் (தேனீ) என்ற அத்தியாயத்தின் 68, 69 வசனங்களில்தான் இது வருகிறது. தேனீயின் வயிற்றிலிருந்து பல நிறங்களில் வெளிவரும் பானத்தில் மனிதர்களுக்கு நிவாரணம் உண்டு என்கிறது. புகாரி என்ற தொகுப்பில் ஒரு ஹதீஸ் (நபிமொழி): சகோதரருக்கு வயிற்றுப்போக்கு என்று ஒருவர் வந்து சொல்ல, நபி (ஸல்) அவர்கள் தேன் கொடுக்கச் சொன்னார்கள், இன்னும் அதிகமாகிறதே என்று அவர் திரும்பத் திரும்ப வந்தபோதும் தேனையே கொடுக்கச் சொன்னார்கள், கடைசியில் குணமானது. இதை 1985இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வோடு சேர்த்துப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் ஹஃபிஜி, மூசா என்ற இரு மருத்துவர்கள், குழந்தைகளுக்குக் கொடுக்கும் உப்புக் கரைசலில் குளுக்கோஸுக்குப் பதிலாகத் தேனைச் சேர்த்துப் பார்த்தார்கள். பாக்டீரியாவால் வந்த வயிற்றுப்போக்கு சீக்கிரம் நின்றது, மற்ற வகையில் அந்த வித்தியாசம் இல்லை. அங்கேயும் தண்ணீரும் உப்பும் சேர்ந்துதான் போயின, அதை மறக்கக் கூடாது.

அறிவியல் அதிகம் பேசுவது புண்ணைப் பற்றி. தேனில் சர்க்கரை அவ்வளவு செறிவாக இருப்பதால் கிருமியிலிருந்து நீரை உறிஞ்சிவிடும், அமிலத்தன்மையும் உண்டு, அப்புறம் தேனீ சேர்க்கும் ஒரு நொதி, புண்ணின் ஈரத்தில் தேன் நீர்க்கும்போது மெல்ல மெல்ல ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. 2015இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு (பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுவது), மேலோட்டமான தீக்காயங்கள் வழக்கமான கட்டுகளைவிடத் தேனில் சீக்கிரம் ஆறுகின்றன என்றது. ஆனால் மருத்துவமனையில் போடுவது காமா கதிரால் கிருமி நீக்கிய தேன் (சூடாக்கினால் அந்த நொதி கெட்டுவிடும்). சமையலறைப் புட்டியைத் திறந்து காயத்தில் ஊற்றாதீர்கள். சாதாரண இருமலுக்கோ வீட்டுத் தேனே போதும், 2018இல் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பே முதலில் தேனைப் பரிந்துரைத்தது.

நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவாதீர்கள். சேனை வைக்கிறோம் என்றோ தஹ்னீக் (பிறந்த குழந்தையின் வாயில் இனிப்பைத் தொட்டு வைக்கும் நபிவழி) என்றோ நம் வீடுகளில் இது இன்னும் நடக்கிறது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம், ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் அவை வளர்ந்து நஞ்சைச் சுரந்தால் தசைகள் தளர்ந்து மூச்சே நின்றுபோகலாம். தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. நபித்தோழி அஸ்மா (ரலி) அவர்கள் தம் மகன் அப்துல்லாஹ்வைக் கொண்டுவந்தபோது நபியவர்கள் மென்று வைத்தது பேரீச்சம்பழத்தைத்தான். ஒரு வயது வரைக்கும் தேன் வேண்டாம் என்பதால் எந்த சுன்னத்தும் (நபிவழியும்) குறைந்துவிடாது, பெரியவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். எங்கள் பெரியம்மா சீனியை நிறுத்திவிட்டுத் தேனை இஷ்டத்துக்கு ஊற்றிக் குடித்தார், ரத்தச் சர்க்கரை ஏறித்தான் போனது. மாத்திரையை நிறுத்தாதீர்கள், தேன் எவ்வளவு எடுக்கலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.