அணுக்கருவை விட அடர்த்தியான பொருளைப் பற்றிப் படித்து என்ன பயன்? மலேசியாவில் இருந்துகொண்டு அதெல்லாம் முடியுமா?

உங்கள் பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வை முடித்துவிட்டு இயற்பியல்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறது, நீங்கள் தூக்கம் வராமல் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முடியும். நான் பினாங்கில் இளங்கலை, கோலாலம்பூரில் முதுகலை, இதே துறைதான்.

பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் மாமா, ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே, "என்னலா படிக்கிற, அணுகுண்டா?" என்றார். இல்லை மாமா, ஒரு தேக்கரண்டி அணுக்கருப் பொருள் நூறு கோடி டன்னுக்கு மேல் இருக்கும், பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் நியூட்ரான் விண்மீனின் நடுவில் அதைவிடவும் நெருக்கம், அங்கே பொருள் எப்படி இருக்கும் என்று பார்க்கிறோம் என்றேன். "சரி, சம்பளம் எவ்வளவு?" அப்பளத்தை நொறுக்கிவிட்டு அத்தோடு விட்டுவிட்டேன்.

அதற்கெல்லாம் பெரிய மெஷின் வேண்டுமே என்று சிலர் வருவார்கள். பெரிது இருந்தாலும் அதில் கிடைப்பது வேறு. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் இருக்கும், துகள்களை வேகமாக முட்டவைக்கும் பெரிய மோதுவியில் ஈயக் கருக்களை மோதவிட்டால், அவற்றில் இருந்த புரோட்டான் நியூட்ரான் சரக்கு பெரும்பாலும் ஊடுருவி அந்தப் பக்கம் போய்விடும். நடுவில் மிஞ்சுவது கடும் சூடு, பொருளும் எதிர்ப்பொருளும் ஏறக்குறைய சமம், பிரபஞ்சம் பிறந்த புதிதில் இருந்த மாதிரி. நியூட்ரான் விண்மீனின் உள்பக்கம் வேண்டுமென்றால் ஆற்றலைக் குறைக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு கருவும் முட்டி நின்று நசுங்கும். அமெரிக்காவின் புரூக்ஹேவனில் 2000-ல் ஓடத் தொடங்கிய மோதுவியே 2010-லிருந்து வேண்டுமென்றே ஆற்றலைப் படிப்படியாகக் குறைத்துத் தங்கக் கருக்களை மோதவிட்டுப் பார்த்தது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் சிபிஎம் என்று ஒரு சோதனையை இதற்காகவே கட்டுகிறார்கள். (ஆற்றல் அடர்த்தி செர்னில்தான் அதிகம், தெரியும். நான் சொல்வது பாரியான் அடர்த்தி, அதாவது புரோட்டான் நியூட்ரான் வகைத் துகள்களின் நெருக்கம். சண்டைக்கு வராதீர்கள்.)

நசுங்கிய பொருளைக் கண்ணால் பார்க்கவெல்லாம் நேரம் கிடையாது, அதற்குள் சிதறிவிடும். மோதலுக்கு மோதல் எத்தனை புரோட்டான், எத்தனை எதிர்ப்புரோட்டான் வந்தது என்று எண்ணி, அந்த வித்தியாசம் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குக் கணினியும் பொறுமையும் போதும், நானும் கணினியில் உருவாக்கிய போலி மோதல் தரவுகளை வைத்துத்தான் செய்தேன். அந்தப் புள்ளியியல்தான் இன்று பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் எனக்குச் சோறு போடுகிறது.

கோலாலம்பூரில் என்னை உண்மையில் அழவைத்தது ரூம் தேடியது. போனில் பேரைச் சொன்னதும் "ரூம் போயிருச்சு" என்பார்கள், மறுநாளும் அதே விளம்பரம் இருக்கும். சிலர் இந்தியருக்குக் கிடையாது என்று எழுதியே போடுகிறார்கள். இதைச் சொன்னால் எதற்கெடுத்தாலும் இனம் பேசாதே என்று நம்மவர்களே வருகிறார்கள். வாடகை முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்து பார்த்தால் தெரியும்.

சரி, பிள்ளை விஷயம். மலாயா பல்கலைக்கழகத்தில் தேசியத் துகள் இயற்பியல் மையம் இருக்கிறது, செர்னின் சிஎம்எஸ் சோதனையோடு தொடர்பு உள்ளது, போய் விசாரியுங்கள். பைத்தான், சி பிளஸ் பிளஸ் இரண்டையும் முதல் வருடமே தொடங்கச் சொல்லுங்கள். குவாண்டம் தானாக வந்துவிடும் என்று சொல்லமாட்டேன், அதற்குத் தனியாக உட்கார வேண்டும்.