சி படிக்க ஜீனி போதுமா?

வணக்கம் அண்ணா,

இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறேன். அக்கா கொடுத்த பழைய லேப்டாப், 4 ஜிபி ராம், உபுண்டு போட்டிருக்கிறேன். விஎஸ் கோட் என்ற எடிட்டரையும் பிரவுசரையும் சேர்த்துத் திறந்தால் மெஷின் அப்படியே நின்றுவிடுகிறது, அதனால் சி மொழிப் புரோகிராம் எல்லாம் ஜீனி (Geany) என்ற சின்ன எடிட்டரில்தான் எழுதுகிறேன். கூடப் படிக்கிறவர்கள் "இதுல பழகினா வேலைக்குப் போற இடத்துல திணறுவ" என்கிறார்கள். கடன் வாங்கியாவது புது லேப்டாப் வாங்கவா?

எஸ்.

அன்புள்ள தம்பிக்கு,

சி படிப்பதற்காகக் கடன் வேண்டவே வேண்டாம்.

விஎஸ் கோட் எலக்ட்ரான் என்ற மென்பொருள் கட்டமைப்பில் கட்டியது. அதாவது அதற்குள் ஒரு குரோமியம் பிரவுசரே ஓடுகிறது, நீங்கள் பக்கத்தில் இன்னொரு பிரவுசரைத் திறந்தால் 4 ஜிபி எப்படித் தாங்கும்? 2005ல் வந்த ஜீனிக்கு அந்தச் சுமை இல்லை. அதில் நாம் டைப் செய்கிற பகுதி சிண்டில்லா என்ற லைப்ரரி, நோட்பேட்++க்குள் இருப்பதும் அதேதான். சின்னது என்பதால் மட்டம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, ராம் விஷயம் இருக்கட்டும். நீங்கள் ஜீனியிலேயே இருக்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கு வேறு காரணம் உண்டு. இன்று ராத்திரியே செய்து பாருங்கள்: ஸ்கேன்எஃப் வைத்து ஒரு எண்ணை வாங்கி, அதன் வர்க்கமூலத்தை எஸ்கியூஆர்டி ஃபங்ஷனில் கண்டுபிடித்து பிரிண்ட் செய்யும் நாலு வரி, மேலே ஸ்டிடிஐஓ, மேத் ஹெடர்களோடு. எஃப்8 அழுத்தினால் பிழை இல்லாமல் கம்பைல் ஆகும். அடுத்து எஃப்9 அழுத்துங்கள், 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று வந்து நிற்கும். ஒரு எழுத்துகூட மாறவில்லை, அப்புறம் ஏன்? எஃப்8 கம்பைலரோடு நின்று, இன்னும் ஓட முடியாத ஆப்ஜெக்ட் ஃபைலை மட்டும் கொடுத்தது. எஃப்9, துண்டுகளை இணைத்து ஓடக்கூடிய ஃபைலாக்கும் லிங்கர் வரைக்கும் போனது, அந்த ஃபங்ஷனின் உடம்பு எங்கே என்று லிங்கருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் மேலே நாம் சேர்த்த மேத் ஹெடரில் இருப்பது அதன் அறிவிப்புதான். பில்ட் மெனுவில் 'செட் பில்ட் கமாண்ட்ஸ்' போய், பில்ட் என்ற வரியின் கடைசியில் ஒரு ஹைஃபனும் ஒட்டினாற்போல் எல், எம் என்ற இரண்டு எழுத்தும் சேருங்கள், கணித லைப்ரரி உள்ளே வந்துவிடும். கடைசியில்தான் சேர்க்க வேண்டும். ஃபைல் பெயருக்கு முன்னால் போட்டால் உபுண்டுவில் பழைய பிழையே திரும்பி வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எழுதுவது முதல் ஓட்டுவது வரை எல்லாம் ஒன்றாக இருக்கும் பெரிய ஐடிஇயில் ரன் பொத்தானை மட்டுமே அழுத்திப் பழகியிருந்தேன். சர்வரில் கையால் பில்ட் செய்யச் சொன்னபோது இதே பிழைக்கு ஒரு முழு நாள் போனது. கம்பைல் வேறு, லிங்க் வேறு என்பதையே நாலு வருடப் படிப்பில் எனக்கு யாரும் காட்டியிருக்கவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆண்ட்ராய்டு பக்கம் போனால் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ இல்லாமல் சிரமம், பெரிய ஜாவா புராஜெக்டில் ஒரு கிளாஸின் பெயரை எல்லா இடத்திலும் பிசகாமல் மாற்றுகிற வேலைக்கும் ஜீனி போதாது. ஆனால் அந்தப் பொத்தான்கள் எல்லாம் வேலையில் உட்கார்ந்த சில நாளில் கைக்கு வந்துவிடும்.

எஸ்கியூஆர்டி ஓடிவிட்டால் அடுத்தது ஜிடிபி, புரோகிராமில் பிழை தேட உதவும் கருவி. அதே பில்ட் வரியில் ஹைஃபன் ஜி சேர்த்துவிட்டு, டெர்மினலில் மெயினில் ஒரு பிரேக்பாயின்ட் (ஓட்டம் நிற்கும் இடம்) வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்திப் பாருங்கள். எங்காவது மாட்டினால் பிழைச் செய்தியை முழுதாக ஒட்டி எனக்கு எழுதுங்கள்.