செப்டம்பரில் திஸ்ஸமகாராம: யால மூடியிருந்தால்?

வணக்கம். இலங்கையின் திஸ்ஸமகாராமவில் செப்டம்பர் கடைசியில் இரண்டு இரவு அறை எடுத்தாயிற்று, பக்கத்து யால தேசியப் பூங்கா மூடியிருக்குமாம், முதுகுவலியுள்ள அம்மாவும் வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அறையை ரத்து செய்யாதீர்கள்.

வறட்சிக்காக வழக்கமாக மூடுவது பூங்காவில் பிளாக் 1 என்கிற பகுதியை. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். மூடியிருந்தால் விடியற்காலையில் புந்தல தேசியப் பூங்காவுக்குப் போங்கள். சிறுத்தையை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கடலோரக் களப்பு ஏரிகளின் ஓரம் முதலைகளும் நீர்ப்பறவைகளும் நிறைய, யானையும் உண்டு. இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலம் (ஈரநிலங்களுக்கான உலக ஒப்பந்தப் பட்டியலில் உள்ளது) அது. கூட்டமும் குறைவு. அம்மாவை ஜீப்பில் டிரைவர் பக்கத்து இருக்கையில் உட்கார வையுங்கள். கடைசி வரிசையில்தான் குலுக்கல் அதிகம்.

மாலையில் திஸ்ஸ வாவிக் கரையில் நடக்கலாம். பெரிய மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும்.

அப்புறம், கதிர்காமத்தை விட்டுவிடாதீர்கள், பக்கம்தான். கருவறையில் சிலை தெரியாது. முருகன் படம் வரைந்த திரைக்குப் பின்னால் கப்புறாளை எனப்படும் பூசகர் வாயைத் துணியால் கட்டிப் பூசை செய்வார். அம்மாவுக்கு அந்த மாலைப் பூசை நிச்சயம் பிடிக்கும். திரும்பும் வழியில் மண்சட்டி எருமைத் தயிரும் கித்துள் பாணியும் (கித்துள் மரத்துப் பாகு) வாங்குங்கள்.