கொடைக்கானலில் ரத்தக்காட்டேரி: கதை எழுதுபவர்களுக்குக் கேள்வி பதில்

பழநி மலைப் பக்கம் பேய்க்கதை எழுதுகிறவர்கள் கேட்டவை இவை. எல்லாமே சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகின்றன: முன்னோர் எழுதியதிலிருந்து எதை எடுக்கலாம், எடுத்ததை இந்த மலையில் எப்படி நடமாட விடுவது.

மன்னவனூரிலிருந்து: அக்கா, என் கதை முடிவில் காட்டேரி வெயில் பட்டுச் சாம்பலாகிடுது. டிராகுலா காப்பின்னு சொல்றாங்க.

அவர்கள் டிராகுலா படிக்கவில்லை, தம்பி. பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலில் அவன் பட்டப்பகலில் லண்டன் பிக்கடில்லி தெருவில் நிற்கிறான். பகலில் சக்தி குறையும், அவ்வளவுதான். சாவதும் கத்தியால்: ஒருவர் குக்ரி என்ற வளைந்த கத்தியால் கழுத்தை அறுக்க, இன்னொருவர் நெஞ்சில் குத்துகிறார். நெஞ்சில் மர ஆப்பு அடிப்பதுகூட அவனுக்கு இல்லை. வெயிலில் கரைந்து சாவது 1922இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மன் மௌனப்படத்தின் வேலை. நாவலை உரிமை வாங்காமல் எடுத்த படம் அது. ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார், 1925இல் பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. தப்பிய பிரதிகள் வழியே அந்த ஒரு விதி உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

டிராகுலாவின் தூக்கி நிற்கும் காலர் வைத்த அங்கி, அந்த நாவலை வைத்துப் போட்ட 1924 மேடை நாடகத்துச் சரக்கு. பார்வையாளருக்கு முதுகைக் காட்டி நிற்கும் நடிகரின் தலையைக் காலர் மறைக்கும், அவர் தரைக்கதவு வழியே நழுவிவிடுவார். மேடையே இல்லாத உங்கள் கதையில் அந்தக் காலருக்கு என்ன வேலை? ஒவ்வொரு விதிக்கும் இப்படிக் கேளுங்கள். ஒரு தாளில் கோடு கிழித்து நெடுக்காக மூன்று பத்தி போட்டு, விதி, அது முதலில் வந்த இடம், அதனால் காட்டேரிக்கு என் கதையில் வரும் கஷ்டம் என்று எழுதுங்கள். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் அந்த விதியை அடித்துவிடலாம்.

பூம்பாறையிலிருந்து: எங்க ஊரே பூண்டுக் காடு. இங்க காட்டேரி எப்படி வரும்?

இந்தக் கேள்வி கேட்டதற்கே உங்கள் கதை பாதி தேறிவிட்டது. ஸ்டோக்கர் கதையில் பூண்டு அபூர்வப் பொருள். ஹாலந்திலிருந்து, ஒருவர் கண்ணாடி வீட்டில் வளர்த்த பூண்டுப் பூவை வரவழைத்து, டிராகுலா ரத்தம் குடிக்கும் லூசி என்ற பெண்ணின் கழுத்தில் மாலையாகப் போடுகிறார்கள். அவள் அம்மா, அறையில் நெடி தாங்கவில்லையே என்று பாசத்தோடு பூவை எடுத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைக்கிறாள். மகள் சாகக் காரணம் அந்தப் பாசம். நீங்கள் எடுக்க வேண்டியது பூண்டை அல்ல, காவலை வீட்டு ஆளே அறியாமல் கலைக்கும் அந்த முறையை.

பூம்பாறையில் காவல் தானாகவே கலையும். அறுவடையாகி, காய்ந்து, மூட்டை கட்டி வடுகபட்டிச் சந்தைக்கு லோடு இறங்கியதும் தோட்டம் மொட்டை. வீட்டில் மிஞ்சுவது விதைப்பூண்டும் சமையலுக்கு வைத்ததும்தான். விலை நன்றாக வந்து, ஆசைப்பட்டு விதைப்பூண்டையும் விற்ற வீடு எது? காட்டேரி முதலில் தட்டும் கதவு அது. தட்டத்தான் வேண்டும், அழைக்காமல் முதல்முறை வீட்டுக்குள் நுழைய முடியாது என்பதும் ஸ்டோக்கர் விதியே. ‘வாங்க, உள்ள வாங்க’ என்று வாய் தானாகச் சொல்லும் ஊரில் அது எத்தனை நொடி தாங்கும் என்பதையும் யோசியுங்கள்.

ஒன்று கவனம். பச்சைப் பூண்டு, உரித்த பூண்டு, சட்டியில் வதங்கிய பூண்டு எல்லாம் ஒரே பலமா என்று முதல் அத்தியாயத்திலேயே முடிவு செய்யுங்கள். பத்தாம் அத்தியாயத்தில் ரசத்தில் போட்ட பூண்டு மட்டும் வேலை செய்யவில்லை என்றால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

ஷெண்பகனூரிலிருந்து: 1897இல் டிராகுலா இங்கிலாந்துக்குப் பதில் கொடைக்கானல் வருவதாக எழுதுகிறேன். மண் பெட்டிகளை எப்படி ஏற்றுவது, அம்மா?

கணக்கைப் போட்டுவிடுங்கள், ஐயா. நாவலில் டிராகுலா தன் சொந்த ஊர் மண்ணில்தான் ஓய்வெடுப்பான், அந்த மண்ணோடு கப்பலேறுவது ஐம்பது பெட்டி. ஆள் படுக்க ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 18 கன அடி. நிறைய மண் போட்டால் ஒரு பெட்டி 600 கிலோவைத் தாண்டும், ஐம்பதும் சேர்ந்து 30 டன். பல்கேரியாவின் வர்ணா துறைமுகத்திலிருந்து சூயஸ் வழியாகத் தூத்துக்குடி வரை கப்பல். அங்கே கடல் ஆழம் குறைவு, கப்பல் தள்ளி நிற்கும், சரக்கைப் படகில் கரை சேர்க்க வேண்டும். பிறகு ரயிலில் அம்மையநாயக்கனூர், மாட்டு வண்டியில் மலையடிவாரத்துக் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு. இதுவரை சிக்கல் இல்லை.

தோப்பிலிருந்து மேலே வண்டி ஏறாது. மோட்டார் போகும் ரோடு 1910களில்தான் வந்தது. அதற்கு முன் குதிரையோ டோலியோ தலைச்சுமையோதான். 600 கிலோ பெட்டியை அந்த ஒற்றையடிப் பாதையில் தூக்க முடியாது. பெட்டியைப் பிரித்து 25 கிலோ மூட்டையாகக் கட்டினால் ஒரு பெட்டிக்கு 24 சுமை, மொத்தம் 1,200 சுமை. வெறும் மண்ணை இத்தனை கூலி கொடுத்து மலையேற்றும் துரை யார் என்று ஊர் பேசாமல் இருக்குமா? நான் எழுதினால் ஒரே பெட்டி, அதுவும் பாதி மண். அந்தப் பன்னிரண்டு மூட்டையில் ஒன்றை வழியில் யாரோ உருளைக்கிழங்குப் பாத்தியில் கொட்டிவிட வேண்டும்.

இன்னொரு விதி இங்கே அவனைக் கட்டிப் போடும். ஓடும் நீரை அவன் தானாகக் கடப்பது கடல் ஏற்றம் நிறையும்போதோ அசையாமல் நிற்கும்போதோ மட்டுமே. மலை ஓடையில் ஏது ஏற்ற இறக்கம்? பாம்பாற்றின் இந்தக் கரையில் இறக்கிவிட்டால், யாராவது தூக்கிக்கொண்டு போகாமல் அந்தக் கரைக்கு வரவே முடியாது. வரைபடத்தை விரித்து ஓடைகளைக் குறியுங்கள், அவன் எல்லை தானாகத் தெரியும்.

நாயுடுபுரத்திலிருந்து: பனிமூட்டம் இருக்கிறதே, பகலிலும் உலவ விடலாமா?

விடலாம். வெயில் ஆகாது என்ற விதியை உங்கள் கதையில் வைத்திருந்தால் மட்டும் மாதம் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர், நவம்பர் வசதியானவை. ஜனவரி ஆபத்து: உறைபனி விழும் இரவு என்றாலே வானம் துடைத்தது போல இருக்கிறது என்று பொருள், விடிந்ததும் சுள்ளென்று வெயில். சூரியனை ஆராய ஆய்வுக்கூடம் அமைத்த ஊர் இது, 1901 முதல் இங்கிருந்து சூரியனைக் கவனிக்கிறார்கள்.

இரவின் நீளத்தையும் திருத்துங்கள். நாவலில் டிராகுலா கரையிறங்கும் இங்கிலாந்தின் விட்பி ஊரில் இரவு ஜூனில் ஏழு மணி நேரத்துக்கும் குறைவு, டிசம்பரில் பதினாறுக்கும் மேல். கொடைக்கானலில் வருடம் முழுக்க ஏறக்குறைய பதினொன்றே காலிலிருந்து பன்னிரண்டரை மணி நேரம். ‘நீண்ட குளிர்கால இரவு’ இங்கே கிடையாது.

பண்ணைக்காட்டிலிருந்து: ரத்தம் குடிக்கும் வௌவால் நம்ம சோலையில உண்டா?

கிடையாது. ரத்தம் குடிக்கும் வௌவால் மொத்தம் மூன்று இனம், மூன்றும் அமெரிக்கக் கண்டத்தில்தான். அவையும் உறிஞ்சுவதில்லை, கீறி நக்கும்.

அட்டுவம்பட்டியிலிருந்து: டிராகுலா பெயரையே வைத்தால் வழக்கு வருமா?

இந்தியாவில் எழுத்துக்கு உரிமை ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டு. ஸ்டோக்கர் இறந்தது 1912, ‘கார்மில்லா’ என்ற காட்டேரிக் கதை எழுதிய லெ ஃபானு இறந்தது 1873. இரண்டும் பொதுச் சொத்து. காட்டேரி நாவல்கள் எழுதிய ஆன் ரைஸ் இறந்தது 2021, அவருடைய பாத்திரங்களைத் தொடாதீர்கள். கருவுக்கும் கதைப்பொருளுக்கும் உரிமை இல்லை, சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று 1978இல் உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. காட்சி வரிசையும் வசனமும் அப்படியே வந்தால் பெயரை மாற்றியது காப்பாற்றாது.

இந்தக் காட்டேரிக் கதைக் குடும்பமே கொடுக்கல் வாங்கலில் வளர்ந்ததுதான். 1819இல் வந்த தன் காட்டேரிக் கதைக்குப் பாலிடோரி, கவிஞர் பைரன் பாதியில் விட்ட கதையிலிருந்து கருவையும், கரோலின் லாம்ப் நாவலிலிருந்து காட்டேரிக்கு ‘ரத்வென்’ என்ற பெயரையும் எடுத்தார். ஸ்டோக்கர் தன் கதையை முதலில் வைத்திருந்தது கார்மில்லா நடக்கும் ஆஸ்திரியாவின் ஸ்டைரியாவில். பிறகு டிரான்சில்வேனியாவுக்கு மாற்றினார். ரிச்சர்ட் மாதிசன் 1954 நாவலில் காட்டேரித்தனத்தைக் கிருமி நோயாக்க, அதைப் பார்த்து 1968இல் ஜார்ஜ் ரொமேரோ நடைப்பிணப் படம் எடுத்தார். அதில் காட்டேரியே இல்லை! வாங்கினால் அப்படி வாங்க வேண்டும்.

தாண்டிக்குடியிலிருந்து: நம்ம வேதாளத்தை வைத்து எழுதக் கூடாதா?

தாராளமாக. ஆனால் கோரைப்பல் ஒட்டாதீர்கள். வேதாளம் பிணத்துக்குள் புகுந்து கதை சொல்லி, புதிர் போட்டு, மறுபடி முருங்கை மரம் ஏறுவது. அதன் ஆயுதம் வாய். ரத்தமும் நிணமும் வேண்டுமென்றால் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைக்கும் பகுதியைப் படியுங்கள். கொடூரமும் கேலியும் ஒரே பானையில் வேகும். அந்தத் தொனியில் ஒரு காட்டேரிக் கதையை யாராவது எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

பெருமாள்மலையிலிருந்து: காட்டேரியை எத்தனாவது அத்தியாயத்தில் காட்டலாம், அக்கா?

டிராகுலாவில் 27 அத்தியாயம். முதல் நான்கில் அவன் முழுதாக வருவான், பேசுவான், விருந்து வைப்பான். அதற்குப் பிறகு நேரில் தலைகாட்டுவது அபூர்வம், மற்றவர் டைரியும் தந்தியும்தான் அவனைச் சொல்லும். 1976இல் ஆன் ரைஸ் நேர் எதிராக, காட்டேரியையே பேட்டி கொடுக்க வைத்தார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், தங்கச்சி. பாதிக் கதை மறைத்து வைத்துவிட்டு, கடைசியில் பத்துப் பக்கம் தன் வரலாறு சொல்ல வைத்தால் பயமும் போய்விடும், பரிதாபமும் வராது.