ஷீட் கூரையில் ஆள் ஏறும்முன்: பெல்ட் மட்டும் போதுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கத்தில் எங்களுக்கு ஒரு பழைய காட்டேஜ் இருக்கிறது, சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை. பத்துப் பன்னிரண்டு ஷீட்டில் விரிசல், ஐப்பசி மழைக்கு முன் மாற்றியாக வேண்டும். முன்பக்கம் கூரை விளிம்பு 10 அடி உயரம். பின்பக்கம் பள்ளம் என்பதால் 25 அடி வரும். "எல்லாரும் பெல்ட் போட்டுத்தான் ஏறுவாங்க, இன்சூரன்ஸும் இருக்கு, கவலையே படாதீங்க" என்கிறார் காண்ட்ராக்டர். பெல்ட் போதுமா? யாராவது விழுந்தால் பொறுப்பு என் தலையில் வருமா?

பதில்: பெல்ட் போதாது. பொறுப்பு உங்கள் தலையிலும் வரும்.

முதலில் உங்கள் கூரையில் ஆள் எப்படி விழுவார் என்று பாருங்கள். எல்லோரும் விளிம்பைத்தான் நினைக்கிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஆள் விழுவது பெரும்பாலும் ஷீட்டின் வழியாக, நேரே அறைக்குள். வெயிலும் பனியும் தின்ற பழைய சிமெண்ட் ஷீட் விரிசல் காட்டி எச்சரிக்காது. ஓர் ஆளின் எடை ஓர் இடத்தில் விழுந்ததும் மடார் என்று உடையும். "போல்ட் வரிசை மேலேயே கால் வைத்து நடந்தால் ஒன்றும் ஆகாது, அடியில் பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) இருக்கிறது" என்று மேஸ்திரிகள் சொல்லிக் கொடுப்பார்கள். நம்பாதீர்கள். இரண்டங்குல அகலக் கோட்டில், பாசி படிந்த சரிவில், கையில் ஸ்பேனருடன் யாரும் நாள் முழுக்கத் தவறாமல் நடக்க முடியாது. வெளிச்சத்துக்காக நடுவில் வைத்த பிளாஸ்டிக் ஷீட் இன்னும் மோசம். நாலு வருடம் பாசி பிடித்ததும் மேலிருந்து பார்க்க அதுவும் சிமெண்ட் ஷீட் மாதிரியே இருக்கும். வேலைக்கு முன் அறைக்குள் நின்று, அது ஓரத்திலிருந்து எத்தனையாவது ஷீட் என்று எண்ணி எழுதிக் கொடுங்கள்.

இப்போது பெல்ட் கணக்கு. முழு உடல் ஹார்னஸுடன் (தோளிலும் தொடையிலும் சேர்த்து மாட்டும் பெல்ட்) வரும் கயிறு 2 மீட்டர். அதில் தைத்திருக்கும் அதிர்ச்சி தாங்கும் பொட்டலம், விழும்போது பிரிந்து 1.75 மீட்டர் வரை நீளும். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். தரையில் மோதாமல் இருக்க 1 மீட்டர் மிச்சம் வேண்டும். கூட்டினால் 6.25 மீட்டர், அதாவது இருபது அடிக்கு மேல். ஹூக் மாட்டிய இடத்துக்குக் கீழே அவ்வளவு வெற்றிடம் இருந்தால்தான் பெல்ட் ஆளைக் காப்பாற்றும். உங்கள் முகட்டு உயரமே அறைத் தரையிலிருந்து 15 அடியைத் தாண்டாது. ஷீட் உடைந்து விழுபவர் தரையில் அடிபட்ட பிறகுதான் கயிறு இழுபடும்.

நீலகிரியில் கட்டடத்துக்கே 7 மீட்டர் உயர வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டினால் நோட்டீஸ் வரும், சீல் வைப்பார்கள். அதே கூரையில் ஓட்டை ஷீட்டின் மேல் நாலு பேர் நிற்பதை எந்த அலுவலகமும் எட்டிப் பார்ப்பதில்லை. தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் கண்ணுக்குத் தேயிலைத் தொழிற்சாலை தெரியும், காட்டேஜ் தெரியாது. விழுந்த பிறகு போலீஸ் மட்டும் வரும். அதனால் இந்த வேலையில் கண்காணிப்பு அதிகாரி நீங்கள்தான்.

சரியான வழி, ஷீட்டின் மேல் யாருமே ஏறாமல் அறைக்குள்ளிருந்து மாற்றுவது. ஒவ்வோர் அறையாகச் சாமான்களை வெளியேற்றுங்கள். எச் ஃபிரேம் சாரம் (எச் எழுத்து வடிவ இரும்புச் சட்டங்களால் ஆனது) நிறுத்தி, பர்லினுக்கு நாலடி கீழே இடைவெளி இல்லாமல் பலகைத் தளம் போடச் சொல்லுங்கள். பலகை முனை ஆதாரத்துக்கு வெளியே ஓர் அடிக்கு மேல் நீளக் கூடாது. நீண்டால் முனையில் கால் வைத்ததும் பலகை எழும்பும். தளத்தின் திறந்த பக்கங்களில் இடுப்புயரத்துக்கு மேல் தடுப்புக் கம்பி வேண்டும். பழைய பங்களாக்களில் ஷீட்டுக்கு அடியில் மரப்பலகை சீலிங் இருக்கும். அது ஆளைத் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். அது வெறும் ஆணியில் தொங்குவது, வேலை நடக்கும் பகுதியில் கழற்றிவிடுங்கள்.

தளத்தில் நிற்பவர், ஷீட்டைப் பர்லினோடு பிடித்திருக்கும் ஜே போல்ட்டைக் கீழிருந்தே ஹேக்சா பிளேடால் அறுக்கலாம். முகட்டை மூடியிருக்கும் ஓடு முதலில், பிறகு மேல் வரிசை, அதற்குப் பின் கீழ் வரிசை. மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதால் இந்த வரிசையை மாற்ற முடியாது. முதல் ஷீட் வந்ததும் அந்தத் திறப்பில் மார்பளவு வெளியே நின்று அடுத்ததை எடுக்கலாம். புதிய ஷீட் கீழ் வரிசையில் தொடங்கி மேலே போகும். பத்தடி சிமெண்ட் ஷீட் 40 கிலோவை ஒட்டி வரும், இரண்டு பேர் பிடிக்க வேண்டும். காற்று வீசினால் நிறுத்துங்கள், கையிலிருக்கும் ஷீட் ஆளையே இழுத்துக்கொண்டு போகும். பழைய ஷீட்டில் கிரைண்டர் வைக்க விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிவிடும். தண்ணீர் தெளித்து, உடைக்காமல் முழுதாக இறக்குங்கள்.

முகட்டுப் பக்கம் மேலே போயே ஆக வேண்டிய இடம் வந்தால் ஊர்பலகை (ஷீட்டின் மேல் போட்டு ஊர்ந்து போகும் பலகை) வேண்டும்: குறைந்தது ஒன்றரை அடி அகலம், பத்தடி நீளம், மூன்று பர்லின்களின் மேல் படிந்து, முகட்டில் கொக்கி போட்டு மாட்டியது. ஆளுக்கு இரண்டு பலகை இருந்தால்தான் ஒன்றின் மேல் நின்றுகொண்டு மற்றதை நகர்த்த முடியும்.

இவ்வளவும் செய்ய காண்ட்ராக்டர் ஏன் தயங்குகிறார் என்றால், சாரத்தை மேட்டுப்பாளையத்திலிருந்தோ கோவையிலிருந்தோ மலை ஏற்றும் லாரி வாடகை அவருக்குக் கசக்கிறது. நாலு பெல்ட் ஒரு பையில் அடங்கிவிடும். அதிலும் பாதி, இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட். அதில் விழுந்தவருக்கு முதுகெலும்போ விலாவோ போகும், இல்லை, தலைகீழாக நழுவி வெளியே வருவார். ஐ.எஸ். 3521 என்ற எண்ணும் தயாரித்த தேதியும் லேபிளில் இல்லாத ஹார்னஸைத் திருப்பி அனுப்புங்கள். ஒரு முறை ஆள் விழுந்து தாங்கிய ஹார்னஸ் அத்தோடு முடிந்தது. பெல்ட் மாட்டி வரிசையாக நின்று எடுத்த வாட்ஸ்அப் படத்தை ஆதாரமாகக் காட்டுவார்கள். ஹூக் எதில் மாட்டியிருக்கிறது என்று அந்தப் படத்தில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் எதிலும் இருக்காது. 'உயரத்தில் வேலை செய்யத் தகுதி' என்று ஆளே போகாமல் காசுக்கு வாங்கித் தரும் சான்றிதழும் அப்படித்தான்.

பெல்ட் பயன்படும் ஓர் இடம் உங்கள் கட்டடத்தில் உண்டு, பின்பக்கப் பள்ளம். மலைச்சரிவுக் கட்டடங்களில் மட்டும் வரும் விதிவிலக்கு இது, பலர் தப்பாகப் புரிந்துகொள்வதால் சற்று விரித்துச் சொல்கிறேன். 25 அடி என்கிறீர்களே, அது எதுவரை? விளிம்புக்கு நேர் கீழே தடுப்புச்சுவர் நீட்டிக்கொண்டிருக்கிறதா, தண்ணீர்த் தொட்டியோ படிக்கட்டோ இருக்கிறதா? இருந்தால் உயரத்தை அதுவரைதான் அளக்க வேண்டும், தோட்டத்து மண் வரை அல்ல. பின்பு, முகட்டில் மாட்டிய 2 மீட்டர் கயிறு பின் விளிம்பை எட்டாது. அதனால் ஆள் கயிற்றை நீட்டிக் கட்டிக்கொள்வார், கணக்கு அங்கேயே கெட்டுப்போகும். முகட்டைத் தாண்டி வரும் ஒரு தனிப் பாதுகாப்புக் கயிறும், அதில் ஓடி இறுகும் கயிற்றுப்பிடியும் வேண்டும். பிடியை விளிம்புக்கு முன்பே நிற்கும்படி கட்டிவிட்டால் விழவே வழியில்லை, அதுதான் உத்தமம். கயிற்றின் மறுமுனையை எதில் கட்டுவது? ஜே போல்ட், ரீப்பர், பழைய புகைபோக்கி, சோலார் ஹீட்டர் ஸ்டாண்ட் எதுவும் ஆகாது. ஓர் ஆளுக்கு ஒரு டன்னுக்கு மேல் இழுவை தாங்க வேண்டும். முன்பக்கம் கான்கிரீட் தூணோ பெரிய மரத்தின் அடியோ சரி. ஜீப் பம்பரில் கட்டுவதைப் பார்த்தால் வேலையை நிறுத்துங்கள், யாராவது வண்டியை எடுத்துவிடுவார்கள். கயிறு ஷீட் முனையில் உரசும் இடத்தில் சாக்கை மடித்து வையுங்கள். கயிறு, ஆள் வேலை செய்யும் இடத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பக்கவாட்டில் இருந்தால் விழுந்தவர் ஊசலாடிச் சுவரில் மோதுவார். இத்தனையும் சரியாக இருந்தாலும் இது விளிம்புக்கு மட்டும்தான். ஷீட் உடைந்து உள்ளே விழுவதை இது தடுக்காது.

பொறுப்பு விஷயம். காட்டேஜ் உங்கள் தொழில். உங்கள் தொழிலுக்காக நடக்கும் வேலையில் காண்ட்ராக்டரின் ஆள் அடிபட்டாலும், இழப்பீட்டை உங்களிடம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்துவிட்டு நீங்கள் காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான். 'இன்சூரன்ஸ் இருக்கு' என்றால் பாலிசி நகலைக் கேளுங்கள்: தேதி நடப்பில் இருக்கிறதா, எத்தனை பேருக்கு, கூரை வேலை சேர்ந்திருக்கிறதா? பெரும்பாலும் காட்டுவது நலவாரிய அட்டையாக இருக்கும். அது தொழிலாளிக்கு வாரியம் தரும் உதவி, உங்களுக்கான காப்பு அல்ல. வெளிமாநில ஆட்களை இடைத்தரகர் மூலம் கூட்டிவந்தால் அதுவும் இருக்காது. வேலைக்கு முன்பே பெயர்ப் பட்டியல் வாங்கிவிடுங்கள்.

ஏணிக்கு ஒரு வார்த்தை. நாலடி உயரத்துக்கு ஓர் அடி தள்ளி நிறுத்தி, மேல்முனை விளிம்பைத் தாண்டி மூன்றடி நீளும்படி வைத்து, தலையைக் கட்டுங்கள். சரிவில் ஒரு காலுக்குக் கல் முட்டுக்கொடுக்காமல், மேட்டுப்பக்க மண்ணை வெட்டிச் சமமாக்குங்கள். காலைப் பனி காய்ந்த பிறகு ஏறச் சொல்லுங்கள், மூடுபனி இறங்கியதும் இறக்கிவிடுங்கள்.

ஹார்னஸில் தொங்கும் ஆளைச் சில நிமிடங்களில் இறக்கியாக வேண்டும். தொடைப்பட்டை ரத்த ஓட்டத்தை அடைத்து, மயக்கமாகி உயிருக்கே ஆபத்தாகும். வளைவுகள் தாண்டி 108 வரும்வரை காத்திருக்க நேரமில்லை. பின்பக்கப் பள்ளத்துக்கு எட்டும் ஏணி ஒன்றையும் கீழே இரண்டு பேரையும், மேலே ஆள் இருக்கும் நேரம் முழுக்க அங்கேயே நிறுத்தி வையுங்கள்.